ஈட்டியை ஒப்படைத்த பிறகு

கட்டபொம்மன் கதை நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கயத்தாறு, புளியமரம், தூக்குக்கயிறு, அப்புறம் 1959இல் வந்த சினிமாவில் சிவாஜி பேசிய வசனம், எல்லாம் மனப்பாடம். நெற்கட்டும்செவல் பூலித்தேவர் சங்கரன்கோவில் கோயிலுக்குள் போய் மறைந்துபோனார் என்று சொல்லி, அந்த இடத்தை இன்றைக்கும் காட்டுகிறார்கள். ஊமைத்துரை கதையும் மருது சகோதரர்கள் கதையும் அப்படித்தான். எல்லாக் கதையும் தூக்குமேடையில் வந்து நின்றுவிடும்.

அதற்கு மறுநாள் காலையில் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. தலைவர்களைத் தூக்கில் போட்டாயிற்று, கோட்டையை இடித்தாயிற்று. சரி, அந்தத் தலைவர்களுக்குப் பின்னால் ஈட்டியும் வளரியும் நாட்டுத் துப்பாக்கியும் எடுத்துக்கொண்டு ஓடினவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்களே, அவர்கள் என்ன ஆனார்கள்? அவர்கள் வீட்டில் அடுப்பு எதை வைத்து எரிந்தது?

வருவாய்த்துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். பழைய கிராமக் கணக்குகளைப் புரட்டும்போது தலையாரி மானியம், காவல் மானியம் என்ற சொற்கள் கண்ணில் படும். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் மனசில் வரும். ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்து படித்ததில் பிடிபட்ட விஷயத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த வீரர்கள் யார் என்று பார்த்துவிடுவோம். பாளையக்காரரிடம் இருந்தது மாதச் சம்பளப் பட்டாளம் இல்லை. மதுரை நாயக்கர் காலத்தில், விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் எழுபத்திரண்டு பாளையங்களை வகுத்தார்கள் என்பார்கள். அந்த ஏற்பாட்டின் சாரமே நிலத்துக்குப் பதில் ஆள் என்பதுதான். பாளையக்காரர் மேலே கப்பம் கட்டுவார், கூப்பிட்டால் ஆள் கொண்டுவருவார். கீழே தன் ஆட்களுக்கு நிலம் விட்டிருப்பார். அவன் மழைக்காலத்தில் உழுவான், கம்போ சோளமோ விதைப்பான், கொம்பு ஊதினால் ஈட்டியை எடுத்துக்கொண்டு வந்து நிற்பான். குடியானவனும் அவனே, வீரனும் அவனே. குருவிகுளமும் ஒரு பாளையம்தான். இங்கிருந்து கிழக்கே கரிசல் காட்டில் பெரும்பாலும் கம்பளத்து நாயக்கர் பாளையங்கள். மேற்கே மலையடிவாரத்தில் பெரும்பாலும் மறவர் பாளையங்கள். ஆனால் படையில் நின்றவர்கள் எல்லாச் சாதியிலும் இருந்தார்கள். வெள்ளையத்தேவன், சுந்தரலிங்கம், ஒண்டிவீரன் என்ற பெயர்களைப் பார்த்தாலே தெரியும். இன்றைக்கு ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சிலை, ஒரு நாள் விழா. பெயர் தெரியாதவனுக்குத்தான் ஒன்றும் இல்லை.

இந்த ஆட்களுக்கு இன்னொரு வரும்படியும் உண்டு. அதுதான் காவல். ஊருக்குள் காவல் காப்பது ஸ்தலக்காவல். பல ஊர்களைச் சேர்த்துப் பாளையக்காரர் பேரில் காப்பது தேசகாவல், திசைக்காவல் என்றும் சொல்வார்கள். அறுவடையில் களத்திலேயே காவலுக்கு ஒரு பங்கு அளந்துவிட வேண்டும். இதை வெறும் மாமூல் என்று நினைத்துவிடக் கூடாது. மாடு திருட்டுப் போனால் காவல்காரன் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் அதன் மதிப்பை அவனே ஈடுகட்ட வேண்டும். இப்போது இன்ஷூரன்ஸ் என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். போலீஸ் ஸ்டேஷனும் இன்ஷூரன்ஸ் ஆபீசும் ஒரே ஆளாக, கையில் கம்போடு வாசலில் நின்ற காலம் அது. அந்த முறையிலும் அடாவடி இருந்தது. பலம் மிஞ்சிய பாளையக்காரர்கள் பக்கத்து ஊர்களிலும் காவலைத் திணித்து வசூல் செய்தார்கள். கம்பெனி அதிகாரிகள் இதைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் பாதி உண்மை, பாதி தங்கள் காரியத்துக்கு வசதியான உண்மை என்பது என் கணிப்பு.

இனி 1799க்கு வருவோம். மேஜர் பானர்மேன் படையோடு வந்து பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்தார். அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாறில் மற்றப் பாளையக்காரர்களையெல்லாம் வரவழைத்து, அவர்கள் கண் முன்னாலேயே கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார். பாஞ்சாலங்குறிச்சியோடு ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், காடல்குடி, குளத்தூர், கோல்வார்பட்டி பாளையங்களும் பறிபோயின. மிச்சமுள்ளவர்கள் கோட்டையை இடிக்க வேண்டும், ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. அந்தக் கோட்டைகள் எல்லாம் மண் கோட்டைகள். நம் கரிசல் மண்ணுக்கும் மழைக்கும் தெரியும், கவனிக்காமல் விட்டால் பத்து வருடத்தில் தானே மேடாகிவிடும். ஆனால் கட்டினவனையே கூப்பிட்டு உன் கையாலேயே இடி என்றால் அதன் அர்த்தம் வேறு.

அந்த முதல் ஆயுதக் களைவு நிற்கவில்லை. 1801 பிப்ரவரி 2ஆம் தேதி ஊமைத்துரையும் கூட இருந்தவர்களும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார்கள். ஆட்கள் எங்கிருந்தோ திரண்டு வந்து, தரைமட்டமான பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களிலேயே எழுப்பிவிட்டார்கள். மார்ச் 31ஆம் தேதி கம்பெனிப் படை தாக்கித் தோற்றது. பெரிய பீரங்கிகளும் புதிய படையும் வந்து, மே 24ஆம் தேதிதான் கோட்டை விழுந்தது. ஒப்படைத்தாயிற்று என்று கணக்கில் எழுதிய ஆயுதம் பூராவும் எங்கே இருந்தது? கூரைக்குள்ளும் வைக்கோல் படப்புக்குள்ளும்தான் இருந்திருக்கும். பிழைப்புக்கு வேறு வழி காட்டாமல் ஒருவனிடம் ஈட்டியைக் கேட்டால் அவன் பழைய ஈட்டியைக் கொடுத்துவிட்டு நல்ல ஈட்டியை ஒளித்துத்தான் வைப்பான்.

சண்டை சிவகங்கைச் சீமைக்கு நகர்ந்து, அக்டோபர் 24ஆம் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பர் 16ஆம் தேதி ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து தூக்கிலிட்டார்கள். கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள், பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே சர்க்கார் பதிவுகளிலிருந்து நீக்கினார்கள். 1802 பிப்ரவரியில் எழுபத்து மூன்று பேரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். அதில் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி சின்னப் பையன். இந்தச் சண்டையில் இருந்த வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1818இல் பினாங்கில் அவனைப் பார்த்ததைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். வாலிபனாக இருக்க வேண்டியவன் கிழவனைப்போல இருந்தானாம். வெல்ஷுக்கு வளரி வீசக் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் வேறொன்றும் படிக்கவில்லை.

இதற்கிடையில் 1801 டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். இவர் பிளாசிச் சண்டை கிளைவின் மகன். தென்சீமை முழுக்கத் துப்பாக்கி, ஈட்டி எல்லாம் ஒப்படைக்கப்பட வேண்டும். வைத்திருந்தால் மரண தண்டனை வரை போகும். பாளையக்காரன் தன் எல்லைக்குள் ஆயுதத்தை அனுமதித்தால் பாளையம் பறிபோகும். இது ஒரு கை. மறு கையில் பொதுமன்னிப்பும், இனிமேல் கப்பம் ஏறாது, நிரந்தரமாக ஒரே தொகைதான் என்ற வாக்குறுதியும் இருந்தன.

இந்தக் காலத்தில் சண்டை முடிந்த நாடுகளில் வீரர்களைக் குடிமக்களாக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் சபை 1990 வாக்கில் நிகரகுவாவில் தொடங்கிப் பல நாடுகளில் செய்துவந்திருக்கிறது. மூன்று படி. ஆயுதத்தை வாங்குவது முதல் படி, படையைக் கலைப்பது இரண்டாவது. கலைந்தவனுக்கு நிலமோ தொழிலோ கொடுத்து ஊரோடு சேர்ப்பது மூன்றாவது. முதல் இரண்டும் சில மாதத்து வேலை, மூன்றாவதுதான் வருடக்கணக்கில் இழுக்கும் என்பது அதைச் செய்தவர்கள் எல்லோரும் சொல்வது. கிளைவின் அறிக்கையை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் முதல் இரண்டு படியும் சுத்தமாக முடிந்தன. அதன் பிறகு தென்சீமையில் பாளையக்காரர் படை என்று ஒன்று எழவே இல்லை. மூன்றாவது படி யாருக்குக் கிடைத்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கிடைத்தது பாளையக்காரர்களுக்கு. 1803 வாக்கில், கலெக்டர் லஷிங்டன் காலத்தில், சன்னது எழுதிக் கொடுத்து அவர்களை ஜமீன்தார்களாக்கினார்கள். கம்பெனி பக்கம் நின்றவர்களுக்குப் பறித்த பாளையங்களிலிருந்து பங்கும் கிடைத்தது. எட்டயபுரத்துக்குக் கிடைத்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நேற்றுவரை கோட்டைக்குள் இருந்தவர் இன்றைக்கு அரண்மனைக்குள். வருடம் தவறாமல் பேஷ்குஷ் கட்டினால் போதும். அவரிடமிருந்து ஆயுதத்தை வாங்கி, பதிலுக்கு நிலப் பத்திரத்தைக் கொடுத்தார்கள். நியாயமான பண்டமாற்று என்றே சொல்லலாம்.

ஈட்டிக்காரனுக்கு? அவனுடைய நிலம் சேவைக்காக விட்ட நிலம். சேவை இல்லை என்று ஆன பிறகு ஜமீன்தார் எதற்காக அதை விட்டுவைக்க வேண்டும்? அவருக்குப் பேஷ்குஷுக்கு ரொக்கம் வேண்டும். ஆள்பலத்துக்குக் கிடைத்த மரியாதை போய், வாரமும் குத்தகையும் வந்தன. காவலும் போயிற்று. தேசகாவல் வசூலைக் கம்பெனி தன் வருமானத்தில் சேர்த்துக்கொண்டது. 1802ஆம் வருடத்துச் சட்டங்கள் காவல் முறையை எடுத்துவிட்டுத் தாரோகா என்ற அதிகாரிகளை வைத்தன. அந்த ஏற்பாடு தோற்றுப்போய் 1816இல் கிராம முன்சீபையும் தலையாரியையும் மறுபடி கொண்டுவந்தார்கள். ஆனால் ஊருக்கு ஒரு தலையாரி என்றால் மிச்சப் பேர் எங்கே போவது?

அவர்கள் எங்கும் போகவில்லை. சட்டத்தில் இல்லாத காவலை ஊரில் தொடர்ந்து நடத்தினார்கள். இங்கேதான் கதை கோணலாகிறது. முன்பு காவலுக்குப் பொறுப்பு உண்டு, கேட்கிறதுக்கு மேலே ஒரு ஆள் உண்டு. இப்போது பங்கு வாங்குவது மட்டும் இருந்தது. தவறினால் ஈடுகட்டு என்று கட்டாயப்படுத்த யாரும் இல்லை. காவல் கூலி கொடுக்காத ஊரில் படப்பு எரிந்தது. மாடு காணாமல் போனால் ‘துப்புக்கூலி’ கொடுத்தால்தான் இன்ன ஓடையில் நிற்கிறது என்று துப்பு கிடைக்கும். காவல்காரனே திருடன், திருடனே காவல்காரன் என்று குடியானவர்கள் குமுறினார்கள். அவர்கள் குமுறலில் நியாயம் இல்லாமல் இல்லை. களத்தில் நெல் இழந்தவனுக்கு 1801 வரலாற்றைச் சொல்லிச் சமாதானப்படுத்த முடியுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பல ஊர்களில் காவல்காரர்களை நிறுத்திவிட வேண்டும் என்று குடியானவர்கள் கட்டுப்பாடு போட்டதும், அதையொட்டிக் கலவரங்கள் நடந்ததும் இப்படித்தான்.

சர்க்கார் என்ன செய்தது? நிலம் கொடுக்கலாம், பட்டாளத்திலோ போலீசிலோ ஆள் எடுக்கலாம், பள்ளிக்கூடம் வைக்கலாம். அதையெல்லாம் விட்டுவிட்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1871இல் வட இந்தியாவில் போட்ட சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தனி ஆள் செய்த குற்றத்துக்குத் தண்டனை என்பது போய், பிறப்பே குற்றம் என்றாயிற்று. கைரேகை வைக்க வேண்டும், ஊரைவிட்டுப் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும், ராத்திரியில் கச்சேரியில் போய்ப் படுக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்து நின்றவர்களைப் போலீஸ் சுட்டது. ஒரு பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

அந்தப் பக்கத்திலிருந்து பெண் கட்டி எங்கள் தெருவில் வந்து தங்கிவிட்ட பெரியவர் ஒருவர் இருந்தார். 1950களின் கடைசியில் நான் சின்னப் பையன். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம் வந்தால் அவருக்கு ஓர் இடத்தில் உட்கார முடியாது. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வருவார். “எங்க தாத்தா போறீக?” என்று கேட்டால், “கச்சேரிக்குத்தாம்ல, வேறெங்க?” என்று சிரிப்பார். நாங்கள் பாட்டுக் கச்சேரி என்று நினைத்துக்கொண்டு, எங்களையும் கூட்டிப்போகச் சொல்லி அடம்பிடிப்போம். சட்டம் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் காலுக்கு அந்த நேரம் மறக்கவில்லை என்று வெகுகாலம் கழித்து என் அம்மாதான் விளக்கினார்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. பெருங்காமநல்லூருக்குப் பிறகு சர்க்காருக்கும் கொஞ்சம் புத்தி வந்தது. கள்ளர் சீரமைப்பு என்று ஒரு துறை வைத்துப் பள்ளிக்கூடங்கள் திறந்தார்கள், கூட்டுறவுச் சங்கங்கள் வைத்தார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் போனால் கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்று இன்றைக்கும் பலகை பார்க்கலாம். அந்தப் பள்ளிகளில் படித்து ஆபீசரானவர்கள் என்னோடு வேலை பார்த்திருக்கிறார்கள். ஆக, மூன்றாவது படி என்ன என்பது ஆண்டவர்களுக்குத் தெரியாமல் இல்லை. நூற்றிருபது வருடம் தாமதமாக, ஒரு கையில் கைரேகைப் புத்தகமும் மறு கையில் சிலேட்டுமாக அதைச் செய்தார்கள்.

நம் காலத்தில் இதைக் கொஞ்சம் நன்றாகவே செய்ய முயன்றவர்களும் உண்டு. 1972 ஏப்ரலில் சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளைக்காரர்கள் ஜெயப்பிரகாஷ் நாராயணன் முன்னால் துப்பாக்கியை வைத்தது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். தூக்கு இல்லை, திறந்தவெளிச் சிறை, குடும்பத்துக்கு உதவி, பிள்ளைகளுக்குப் படிப்பு என்று பேசி முடித்துத்தான் துப்பாக்கியை வாங்கினார்கள். அவர்கள் கொள்ளைக்காரர்கள்தான், போர்வீரர்கள் இல்லை. இருந்தாலும் முதலில் பேச்சு, பிறகு ஆயுதம் என்ற வரிசையைக் கவனியுங்கள்.

நமக்கு மிகவும் கிட்டத்தில் இருப்பது இலங்கை. 1987 ஆகஸ்டில் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி பலாலியில் புலிகள் ஆயுதம் ஒப்படைத்தார்கள். அக்டோபரில் மறுபடி சண்டை. பாஞ்சாலங்குறிச்சியின் முதல் ஒப்படைப்பு எனக்கு அப்போது தெரியாது. இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 2009 மே மாதம் எல்லாம் முடிந்தபோது சரணடைந்தவர்களும் பிடிபட்டவர்களுமாகப் பன்னிரண்டாயிரம் பேருக்குக் கிட்டத்தட்ட புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அதில் 594 பேர் சிறுவர் சிறுமியர் என்று அரசே கணக்குச் சொன்னது. தையல், தச்சு, கம்ப்யூட்டர், மேசன் வேலை என்று சொல்லிக்கொடுத்து, ஒரு வருடம் இரண்டு வருடத்தில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் பெரிய காரியம்தான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் புலனாய்வுக்காரர் வாசலில் வந்து விசாரிப்பதும், முன்னாள் போராளி என்று தெரிந்தால் வேலை கொடுக்கவும் பெண் கொடுக்கவும் ஊர் தயங்குவதும் நிற்கவில்லை. கால் இழந்தவர்களும், தனியாகக் குழந்தை வளர்க்கும் பெண்களும் அவர்களில் நிறையப் பேர். வாசலில் வந்து கேட்கிற அந்த விசாரிப்பைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு எங்கள் தெருப் பெரியவர் ஞாபகம் வருவதைத் தடுக்க முடியவில்லை.

நம் ஊர்க் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். 1947இல் சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் ஒழிந்தது. 1948 சட்டத்தில் ஜமீன்களும் ஒழிந்தன. 1803இல் எழுதிய சன்னதுகள் வெறும் காகிதமாயின. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தது. தலையாரி மட்டும் தப்பிக் கிராம உதவியாளர் என்ற பெயரில் இருக்கிறார். பழைய காவலின் சட்டப்படியான வாரிசு இன்றைக்கு அவர் ஒருவர்தான். தாலுகா ஆபீஸ் தபாலைச் சைக்கிளிலும் இப்போது மோட்டார் பைக்கிலும் கொண்டுபோகிறார்.

குற்றப் பரம்பரைப் பட்டியலில் இருந்த சாதிகளுக்குச் சீர்மரபினர் என்று பெயர் வைத்தார்கள். அதிலும் சீர்மரபுப் பழங்குடியினர் என்று இருந்ததை 1979இல் சீர்மரபு சமூகத்தினர் என்று மாற்றினார்கள். ஒரு சொல்தான் மாறியது என்று நினைக்க வேண்டாம். மத்திய அரசுத் திட்டங்களுக்குப் பழங்குடியினர் என்ற சொல் வேண்டும். நாற்பது வருடம் மனுவும் போராட்டமுமாகப் போய், 2019இல் மாநிலத்துக்கு ஒன்று, மத்திய அரசுக்கு ஒன்று என்று இரண்டு சான்றிதழ் தந்தார்கள். 2024இல் ஒரே சான்றிதழாகத் தருவதாக அறிவித்தார்கள்.

நான் வேலையில் இருந்த காலத்தில் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். பையனைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்பார்கள்: “சார், இதுல சீர்மரபுன்னு போடுதீகளே, அப்படின்னா என்ன சார்?” பின்னால் நாற்பது பேர் நின்றுகொண்டிருப்பார்கள். கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, அடுத்த ஆளைக் கூப்பிடுவோம்.